எக்ஸ்எஃப்சிஇ 4.20: எது கட்டாயம், எது விருப்பம்?

2024 டிசம்பரில் வெளியான, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் 4.20 பதிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் எளிமையையும் மட்டுமே பேசுகிறார்கள். அது எந்தெந்த லைப்ரரிகள் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகள்) இல்லாமல் ஓடாது, எவை இல்லாமலும் ஓடும், அப்படி ஓடும்போது பயனர் எதை இழக்கிறார் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கட்டாய லைப்ரரிகளின் அடுக்கு மிகத் தெளிவானது. அடிப்படை லைப்ரரியான ஜிலிப் மீது லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூட்டில், அதன் மீது அமைப்புகளைச் சேமித்து வைக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப், பிறகு பொத்தான், மெனு போன்றவற்றை வரையும் ஜிடிகே 3-ஐச் சார்ந்த லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூஐ என்ற வரிசையில் கம்பைல் செய்தால் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றினால்) சிக்கலின்றி முடிந்துவிடுகிறது. இப்பதிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் லிப்எக்ஸ்எஃப்சிஇ4விண்டோயிங் கூடுதல் சுமையாகத் தோன்றலாம். ஆனால் திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 மட்டுமே அறிந்த லிப்டபிள்யூஎன்சிகே என்ற லைப்ரரியுடன் பேனல் போன்றவை நேரடியாகப் பேசிவந்த நிலையை மாற்றி, புதிய முறையான வேலேண்டுக்கும் வழிவிட்டது இதுதான். சாளர மேலாளரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 இன்னும் எக்ஸ்11-ஐ விட்டு வரவில்லை என்பதால், வேலேண்டைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் வேலேண்டில் அதே வேலையைச் செய்யும் லேப்டபிள்யூசி அல்லது வேஃபயரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

விருப்ப லைப்ரரிகளில்தான் கவனம் தேவை, ஏனெனில் அவை இரண்டு வகை. முதல் வகை, கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடுவது: கோப்பு மேலாளரான துனாரில் பல கோப்புகளின் பெயரை ஒருசேர மாற்றும் கருவிக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும்) வசதியைத் தரும் பிசிஆர்இ2 இதற்கு உதாரணம். அது இல்லாமல் பேக்கேஜ் உருவாகிவிட்டால், பிறகு அந்த லைப்ரரியை நிறுவிப் பயனில்லை, மறுபடி கம்பைல்தான்.

இரண்டாம் வகை, ஓடும்போது தேடப்படுவது. குப்பைத் தொட்டியையும் பிற கணினிகளின் கோப்புகளையும் அணுகத் தரும் ஜிவிஎஃப்எஸ் இல்லாத கணினியில் துனார் ஒரு குறையும் இல்லாததுபோலத் திறக்கும். ஆனால் குப்பைத் தொட்டி இருக்காது, டெலீட் விசையை அழுத்தினால் நிரந்தரமாக அழிக்கவா என்றே கேட்கும், பிற கணினிகளின் கோப்புகளைத் திறக்கும் எஸ்எஃப்டிபி, சாம்பா முகவரிகளும் திறக்காது. ஜிவிஎஃப்எஸ்-ஐ நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், துனாரைத் தொடாமலேயே குப்பைத் தொட்டி வந்துவிடுகிறது (சாம்பாவுக்குப் பல லினக்ஸ் விநியோகங்களில் இன்னொரு பேக்கேஜ் வேண்டும்). கோப்புகளின் சிறுபடங்களை உருவாக்கும் டம்ப்ளரும் இப்படித்தான்.

வடிவமைப்பு என்ற அளவில் இது பாராட்டத்தக்கது. என் குறை, துனார் வாய் திறப்பதில்லை என்பதே. ஒரு வசதிக்கான துணை இல்லையென்றால் அதற்குரிய மெனு வரி சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. புதிதாக வந்தவர், இந்த மென்பொருளில் அந்த வசதியே கிடையாது என்றுதான் எண்ணுவார். சிறுபடம் தெரியாமல் போனால் பரவாயில்லை, குப்பைத் தொட்டி இல்லாமல் போவதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் ஜிவிஎஃப்எஸ்-ஐப் பரிந்துரைப் பட்டியலில் வைத்திருப்பதால் வழக்கமான நிறுவலில் அது தானாகவே வந்துவிடும். இடத்தை மிச்சப்படுத்தப் பரிந்துரைகளை அணைத்து நிறுவுவோர்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்ச் லினக்ஸோ, துனாரை நிறுவி முடித்ததும் ஒவ்வொரு விருப்பப் பேக்கேஜும் எதற்கு என்பதை ஒரே வரியில் திரையில் காட்டிவிடுகிறது. அந்த ஒரு வரி துனாரின் உள்ளேயே இருந்திருக்கலாம்.

குறைந்த நிறுவலை விரும்புவோருக்கு 4.20-ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஜிவிஎஃப்எஸ்-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள் என்ற ஒரே நிபந்தனையுடன்.