தேங்கிய துணிகளுக்கு ஒரு நல்ல வழி: கூஞ்ச் அமைப்பின் சேவை

வீட்டை ஒழிக்கத் தொடங்கினால் நாளிதழ்கள் பழைய பேப்பர் கடைக்கும் இரும்புச் சாமான்கள் காயலான் கடைக்கும் எளிதாகப் போய்விடுகின்றன. துணிகள்தான் மிஞ்சுகின்றன. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர்கள் தெருவில் வருவது குறைந்துவிட்ட நிலையில், உடுத்தக்கூடிய சேலைகளும் வேட்டிகளும்கூடப் பீரோவில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன, அல்லது போகியன்று நெருப்பில் போடப்படுகின்றன. இவற்றைச் சேர்ப்பதற்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது கூஞ்ச் அமைப்பை.

1999ஆம் ஆண்டு அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய இந்த அமைப்பு, இன்று சென்னை உள்ளிட்ட பல நகரங்களில் பொருள்களைப் பெற்றுக்கொள்கிறது. அவருக்கு 2015இல் மகசேசே விருதும் கிடைத்தது. ஆனால் என் மதிப்பீட்டுக்குக் காரணம் விருது அன்று, பெற்ற துணியை அவர்கள் கையாளும் முறை. கிராம மக்கள் தங்கள் ஊருக்குத் தேவையான வேலையைத் தாங்களே தேர்ந்தெடுத்து, குளத்தைத் தூர்வாரியோ, பாதையைச் செப்பனிட்டோ, மூங்கில் பாலம் கட்டியோ முடிக்கும்போது, அந்த உழைப்புக்குரிய மதிப்பாகத் துணிகளும் வீட்டுப் பொருள்களும் வழங்கப்படுகின்றன. வாங்குபவர் கையேந்தி நிற்க வேண்டியதில்லை என்பதே இதில் என்னை மிகவும் கவர்ந்தது.

உடுத்த இயலாத துணியும் வீணாவதில்லை. நைந்த பருத்திச் சேலைகளையும் படுக்கை விரிப்புகளையும் துவைத்து, ஒரு கொக்கியோ பொத்தானோ தப்பிவிடாதபடி சோதித்து, பெண்களுக்கான மாதவிடாய்த் துணிகளாகத் தைக்கிறார்கள். பழைய ஜீன்ஸ் பள்ளிப் பைகளாகிறது. ஒருபக்கம் மட்டும் எழுதிய தாள்கள் குறிப்பேடுகளாகின்றன. அம்மாவின் சேலையை விட மனம் வராமல் வைத்திருப்பவர்களுக்கு, அது இன்னொருவருக்கு உண்மையாகவே பயன்படும் என்ற உறுதி பெரிய துணை.

கொடுப்பவருக்கும் இங்கே பொறுப்பு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்துக்கு வந்த பழைய துணிகள் குவியல் குவியலாக எடுப்பாரின்றிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றைத் திரட்டிப் பிரித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததில் இவ்வமைப்புக்கும் பங்குண்டு. நாம் கழித்துக்கட்ட விரும்புவதெல்லாம் பிறருக்குத் தேவையானது என்று எண்ணக் கூடாது. துவைத்து, உலர்த்தி, சேலை ஒரு கட்டு, குழந்தைகள் உடை ஒரு கட்டு எனப் பிரித்துக் கொடுத்தால் தன்னார்வலர்களின் வேலை பாதியாகக் குறையும்.

குறை என்று சொல்வதானால், சிறிய மூட்டைகளை நாமே சேகரிப்பு மையத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்; முதியவர்கள் மட்டும் வாழும் வீடுகளுக்கு இது சிரமம். அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்புவது நல்லது. பொருளோடு சிறு தொகையும் தரும்படி அவர்கள் கேட்பது சிலருக்கு உறுத்தலாகப் படுகிறது. எனக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது. இலவசமாக வந்த துணியைப் பிரிக்கவும் தைக்கவும் தொலைதூரக் கிராமம்வரை லாரியில் அனுப்பவும் ஆகும் செலவை யாரேனும் ஏற்றுத்தானே ஆக வேண்டும்?