பழைய சென்னைக்கு ஒரு காலைப்பொழுது: மயிலாப்பூரா, ஜார்ஜ் டவுனா?

வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் பழைய சென்னையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் மறுயோசனையின்றி மயிலாப்பூருக்கே அழைத்துச் செல்கிறோம். அண்மையில் மதுரையிலிருந்து என் அத்தை மகனும் அவர் மனைவியும் வந்திருந்தபோது, எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டுமே. இருவரும் பழைய கட்டடங்களில் மிகுந்த ஈடுபாடு உள்ளவர்கள். அவர்களை நான் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, பாரிமுனையை ஒட்டியிருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு அழைத்துச் சென்றேன். இனி யார் கேட்டாலும், ஞாயிற்றுக்கிழமை என்றால், அதையே பரிந்துரைப்பேன்.

மயிலாப்பூரின் சிறப்பை விரித்துரைக்கத் தேவையில்லை. கடற்கரையிலிருந்த பழைய ஆலயம் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தபின் இன்றைய இடத்தில் எழுந்ததாகக் கருதப்படும் கபாலீசுவரர் கோயில், 1906இல் எழுந்த அதன் கிழக்குக் கோபுரம், 1516ஆம் ஆண்டைச் சேர்ந்த, காட்டுக் கோயில் என்று வழங்கும் லஸ் மாதா தேவாலயம், 1896இல் கோத்திக் பாணியில் கட்டி முடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயம் என ஐந்து நூற்றாண்டுகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கவில்லை. லஸ்ஸிலிருந்து சாந்தோமுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். இடையில் வருபவை பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். திண்ணை வைத்த வீடுகள் மாட வீதிகளில் அருகிவிட்டன. மேலும், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியே வளர்ந்தவர்களுக்குக் கோபுரமும் குளமும் மாட வீதியும் புதியவை அல்ல.

ஜார்ஜ் டவுனின் நிலை வேறு. அங்கே ஒரு கட்டடம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு விடை, பெரும்பாலும் அடுத்த கட்டடத்தில் கிடைக்கும். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1749இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்பதற்காக, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த, ‘கறுப்பர் நகரம்’ என்று அவர்கள் அழைத்த பழைய குடியிருப்பை இடித்து வெட்டவெளியாக்கினர். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாகத்தான் பூக்கடைப் பகுதியில் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என்ற இரட்டைக் கோயில்கள் எழுந்தன. அந்த வெட்டவெளியில் 1844இல் கற்றூணாகக் கலங்கரை விளக்கம் வந்தது. 1892இல், இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டடக்கலையோடு கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் உயர் நீதிமன்றம் வந்தது. பிறகு நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியே கலங்கரை விளக்கமாயிற்று. இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் கட்டக் கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் எஞ்சிய ஒன்று, 1940இல் கட்டப்பட்ட பாரி நிறுவனத்தின் டேர் ஹவுஸ் அருகே இன்றும் நிற்கிறது. இவை அனைத்தையும் நடந்தே பார்த்துவிடலாம்.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்த வரலாறு மட்டுமன்று. ஞாயிறு காலையில் அந்தக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதே அதைவிடப் பெரிய காரணம். வேலை நாட்களில் தம்பு செட்டித் தெருவிலோ லிங்கி செட்டித் தெருவிலோ நடப்பவர், தள்ளுவண்டிக்கும் மூட்டை இறக்கும் மினி லாரிக்கும் வழிவிட்டு, கீழே பார்த்தபடியேதான் நடக்க முடியும்; அண்ணாந்து பார்க்க இடமே கிடைக்காது. ஞாயிறன்று ஷட்டர்கள் இறங்கியிருக்கும். தெரு நடுவிலேயே நிற்கலாம். அப்போதுதான் பெயர்ப்பலகைகளுக்கு மேலே இருக்கும் ஊர் தெரிகிறது. நாங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், கீழ்த்தளம் முழுவதும் இரும்புச் சாமான் கடையாகியிருந்தது. முதல் மாடியில், பூவேலைப்பாடுள்ள வார்ப்பிரும்புத் தாங்கிகள் மீது பால்கனி நின்றது. அதற்குப் பின்னால் பலகைச் சட்டங்கள் பாதி உதிர்ந்த தேக்கு ஜன்னல்கள், உதிர்ந்த இடத்தில் தகரம். எல்லாவற்றுக்கும் மேலே, கைப்பிடிச் சுவரில் யானைகள் நீர் சொரியும் கஜலட்சுமி சுதையில். அவள் காலடியில் கட்டிய ஆண்டு, கடைசி இரண்டு எண்கள் உதிர்ந்துபோய். ஐரோப்பிய இரும்பும் பர்மாத் தேக்கும் நம் கொத்தனாரின் சுண்ணாம்புச் சுதையும் ஒரே முகப்பில் இருந்தன. என்.எஸ்.சி. போஸ் சாலையில், ஏதென்ஸ் நகரத்துக் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு 1850இல் எழுந்த பச்சையப்பன் மண்டபத்தின் தூண்களையும், கடைகள் சூழ்ந்திருக்கும் அந்த இடத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்பே நின்று பார்க்க வேண்டும். இதே தெருக்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துச் செல்வதாக இருந்தால், நான் தயங்காமல் மயிலாப்பூரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

அரண்மனைக்காரத் தெரு என்று வழங்கும் ஆர்மேனியன் தெருவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 1772ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆர்மேனிய தேவாலயத்தின் முற்றத்தில், கல்லறைப் பலகைகளின் மேலேயே நடந்து செல்கிறோம். உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இந்த ஊரிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. கோட்டைக்குள்ளிருந்து இடம்பெயர்ந்ததாகச் சொல்லப்படும் காளிகாம்பாள் கோயில், அடுத்திருக்கும் தம்பு செட்டித் தெருவில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஞாயிறன்று உயர் நீதிமன்றத்தை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். நிழல் மிகக் குறைவு. கழிப்பிடம் கிடைப்பது கடினம் என்பதால், பெண்களையும் வயதானவர்களையும் அழைத்துச் செல்பவர்கள் அதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நடைபாதைகள் உடைந்திருக்கின்றன, முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்த நடை ஏற்றதன்று. சிற்றுண்டிக்கு மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு இடம் உண்டு. இங்கே தங்கசாலைத் தெருப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் நான் அங்கே நடந்ததில்லை. பாரிமுனையில் தண்ணீர் தேங்குவதை நினைத்தால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. குழந்தைகளோடு செல்பவர்களும், வழிபாடே முதல் நோக்கமாக உள்ளவர்களும், பங்குனியில் அறுபத்துமூவர் விழாவையொட்டி வருபவர்களும் மயிலாப்பூருக்கே செல்லலாம். நடை அடைக்கும் நண்பகலுக்கு முன் போய்விட வேண்டும். மற்றவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்குள் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, டேர் ஹவுஸைப் பார்த்துவிட்டு, தம்பு செட்டித் தெரு வழியாக நடந்து, ஆர்மேனியன் தெருவுக்குத் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் பூக்கடைக் கோயில்களை அடைந்துவிடலாம்.