கிரீஸ் போகிறவர்களுக்கு: கப்பல் ரத்தானால் வவுச்சருக்குத் தலையாட்டாதீர்கள்

ஆகஸ்டில் நாக்சோஸ் தீவிலிருந்து ஏதென்ஸை ஒட்டியுள்ள பிரேயஸ் துறைமுகத்துக்கு நாங்கள் திரும்ப வேண்டிய விரைவுப் படகு ரத்தானது. ரத்தானதில் எனக்குக் கோபமில்லை. கோடையில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால், அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால், பெரும்பாலும் பெரிய கப்பல்களுக்கே தடை போட்டுவிடுவார்கள். கேட்டமரான் என்கிற, இரட்டை அடிப்பாகம் கொண்ட இலேசான விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். காற்றோடு யார் சண்டை போடுவது? என் சண்டை டிக்கெட் விற்றவர்களோடு.

எல்லாக் கப்பல் நிறுவனங்களின் நேரங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஓர் இடைத்தரகர் தளத்தில்தான் டிக்கெட் எடுத்திருந்தோம். படகு போகாது என்று நிறுவனம் முந்தின நாள் மாலையே செய்தி அனுப்பிவிட்டது, ஆனால் எங்களுக்கு இல்லை. பயணியின் தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் தளம் தன்னுடைய எண்ணைக் கொடுத்து வைத்திருந்தது. பெட்டிகளோடு துறைமுகத்தில் நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

கரையோரக் கடைவரிசையில் இருந்த நிறுவன முகவரின் அலுவலகத்தில் கணினியைப் பார்த்த பெண் கையை விரித்தார். டிக்கெட் அந்தத் தளத்தில் எடுத்தது, மாற்றுவதும் அவர்கள்தான் செய்ய வேண்டும் என்றார். தளத்தின் எண்ணுக்கு அடித்தால் பாட்டுதான் ஓடியது. மாலையில் கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் ஒன்று போகிறது, அதிலும் இடம் வேகமாகத் தீர்கிறது. மறுநாள் காலை ஏதென்ஸில் எங்களுக்கு விமானம். வேறு வழி? கைக்காசைப் போட்டுப் புது டிக்கெட் எடுத்தோம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் பயணம், ஆட்டமும் குறைவில்லை. ஆனாலும் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் வந்ததும் தளத்திலிருந்து மெயில். வானிலையால் ரத்தானதால் பணம் திரும்பாதாம், சேவைக் கட்டணம் போக மீதிக்கு ஓர் ஆண்டு செல்லும் வவுச்சர் தருவார்களாம். கீழே பெரிதாக 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான்.

அதை அழுத்தாமல் விட்டது நல்லதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடல் பயணிகளுக்கென்றே 2010-இல் வந்த 1177 எண் ஒழுங்குமுறை இருக்கிறது. கப்பல் ரத்தானாலோ, கிளம்ப 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, கூடுதல் கட்டணமில்லாமல் வேறு கப்பலில் அனுப்ப வேண்டும், அல்லது டிக்கெட்டின் முழு விலையையும் 7 நாளில் திருப்பித் தர வேண்டும். எது வேண்டும் என்பது பயணியின் விருப்பம். வவுச்சராகத் தருவதற்கு நம் சம்மதம் வேண்டும், அந்தப் பொத்தான் கேட்டது அதைத்தான். வானிலை காரணமென்றால் நிறுவனம் தங்கும் செலவையும் தாமத நஷ்டஈட்டையும் தர வேண்டியதில்லை, உண்மைதான். டிக்கெட் பணத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. தளம் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி எழுதியிருக்கிறது என்பது என் எண்ணம்.

பயண நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதால் நேராகக் கப்பல் நிறுவனத்துக்கே எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது: முழுத் தொகையையும் தளத்தின் கணக்குக்கு எப்போதோ அனுப்பிவிட்டோம். ஆக, எங்கள் பணத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வவுச்சர் நீட்டியிருக்கிறார்கள்!

நீங்கள் நேரங்களை ஒப்பிட அந்த மாதிரித் தளங்களைப் பாருங்கள், தப்பில்லை. டிக்கெட்டை மட்டும் கப்பல் நிறுவனத்திடமே, உங்கள் சொந்த எண்ணையும் மெயிலையும் கொடுத்து எடுங்கள். ஏற்கெனவே தளத்தில் எடுத்துவிட்டீர்களா? நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் தொலைபேசி எண் அதில் ஏறியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். விமானத்துக்கு முந்தின இரவைத் தீவில் கழிக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். ஏதென்ஸில் தங்குங்கள். பிரேயஸிலிருந்து விமான நிலையத்துக்கு இப்போது மெட்ரோ 3-ஆம் தடம் நேராகப் போகிறது.

நிறுவனத்தின் அந்தப் பதில் மெயிலை இணைத்து, கார்டு கொடுத்த வங்கியில், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முறையீடு (டிஸ்ப்யூட்) பதிந்திருக்கிறேன். தளத்திலிருந்து இன்னும் வருவது ஒன்றே ஒன்றுதான்: வவுச்சரை ஏற்கச் சொல்லி நினைவூட்டல்.