கைவரைபடமா, செயற்கைக்கோளா, ஜிபிஎஸ் தடமா? வட நைஜீரியத் தடுப்பூசித் திட்டத்தை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு வட்டாரத்தில் ஒரு தடுப்பூசிகூடப் போடாத குழந்தைகள் இருந்தால், அதற்கு வரைபடத்தால் தீர்க்கக்கூடிய காரணங்கள் மூன்றுதான். அந்தக் குடியிருப்பு திட்டத்தாளிலேயே இல்லை. அல்லது இருக்கிறது, அங்கே எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு தப்பு. அல்லது இரண்டும் சரி, போக வேண்டிய குழு போகவில்லை. நான்காவது காரணம் பெற்றோர் மறுப்பது. 2003இல் வட நைஜீரியாவின் கானோ மாநிலமே போலியோ சொட்டு மருந்தை நிறுத்தி வைத்தது. அந்த மாதிரிச் சிக்கலுக்கு எந்த வரைபடத்திலும் பதில் கிடையாது.

கைவரைபடம், செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த கட்டட வரைபடம், குழுக்களின் ஜிபிஎஸ் தடம் ஆகிய மூன்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை வராது. ஒவ்வொன்றும் மேலே சொன்ன பிழைகளில் ஒன்றைத்தான் நன்றாகத் திருத்தும். மற்றதைத் தொடாது, சில சமயம் மூடியும் மறைக்கும்.

இதைப் பார்க்க வட நைஜீரியாவை விடப் பொருத்தமான இடம் குறைவு. 774 உள்ளாட்சிப் பகுதிகள் உள்ள நாடு. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2006இல் நடந்தது. போலியோ ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில், 2012 வாக்கில் தொடங்கி, வட மாநிலங்களில் மூன்று வழிகளும் ஒரே நிலத்தில் பயன்பட்டன. காட்டு வகைப் போலியோ (இயற்கையாகப் பரவும் வைரஸால் வருவது) இரண்டாண்டுகள் இல்லை என்றிருந்த பிறகு 2016இல் வடகிழக்கு மாநிலமான போர்னோவில் மறுபடி தலைகாட்டியது. ஆப்பிரிக்கப் பகுதி காட்டு வகைப் போலியோ அற்றது என்ற சான்று 2020 ஆகஸ்ட் 25 அன்றுதான் வந்தது.

கைவரைபடம்: வழி தெரியும், எல்லை தெரியாது

வார்டு சுகாதாரப் பணியாளரும், மாய் உங்குவா என்று ஹௌசா மொழியில் சொல்லும் குடியிருப்புத் தலைவர்களும் சேர்ந்து சார்ட் தாளில் வரைவது இது. மசூதி, ஆழ்துளைக் கிணறு, சந்தை, ஆற்றைக் கடக்கும் துறை எல்லாம் அதில் இருக்கும். மழைக்காலத்தில் எந்தப் பாதை மூழ்கும், எந்தக் கிழமையில் பெண்கள் சந்தைக்குப் போய்விடுவார்கள் என்பதையும் வரைபவர் சொல்லிவிடுவார். எவ்வளவு துல்லியமான செயற்கைக்கோள் படமும் இந்த இரண்டைக் காட்டாது.

இதன் குறை அளவு விகிதம் இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்து போகிறவருக்கு அது பெரிய குறையில்லை. உண்மையான ஓட்டை ஓரங்களில்தான். இரண்டு வார்டுகளுக்கு நடுவே இருக்கும் குடியிருப்பை இவர் அவருடையது என்பார், அவர் இவருடையது என்பார். இரண்டு தாளிலும் அது இருக்காது. ஃபுலானி மேய்ப்பர்களின் முகாம்களும் இப்படித்தான் விடுபடும். உள்ளூர்க்காரர் அவற்றை ஊர் என்றே எண்ணுவதில்லை. இதோடு, போன ஆண்டுத் தாளையே தேதியை மட்டும் மாற்றி மறுபடி ஒட்டிவிடும் பழக்கமும் உண்டு.

செலவில்லாமல் இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. வார்டின் கடைக்கோடிக் குடியிருப்பில் தொடங்கி, ஒவ்வொரு தலைவரிடமும் "இதற்கு அடுத்து எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எல்லையைத் தாண்டிய முதல் ஊர் வரை எழுத வேண்டும். பிறகு பக்கத்து வார்டுத் தாளை அருகில் வைத்து ஓரங்களை ஒப்பிட வேண்டும். இரண்டிலும் வந்த ஊரை ஒருவர் பெயரில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். இரண்டிலும் வராத ஊரை இந்த முறையால் பிடிக்க முடியாது. அங்கேதான் வானத்திலிருந்து பார்க்கும் கண் தேவைப்படுகிறது.

செயற்கைக்கோள்: இடம் தெரியும், பெயர் தெரியாது

படத்திலிருந்து கூரைகளைப் பிரித்தெடுத்து, நெருக்கமாக இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துக் குடியிருப்பு எல்லை போடுவதுதான் முறை. நைஜீரியப் பணியிலிருந்து வளர்ந்த, குடியிருப்பு வரைபடங்களைத் தயாரிக்கும் கிரிட்3 திட்டம் இவற்றை மூன்றாகப் பிரிக்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் பரந்து, ஹெக்டேருக்கு 13 கட்டடமாவது உள்ளவை நகர்ப்பகுதி. 50 கட்டடத்துக்குக் குறையாதவை சிறு குடியிருப்பு. அதற்கும் கீழே குக்கிராமம். கூகுள் 2021இல் ஆப்பிரிக்காவுக்கு வெளியிட்ட கட்டடத் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி ஒரு வார்டை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

விடுபட்ட ஊரைக் கண்டுபிடிப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் இது தருவது பெயரில்லாத பொட்டுகள். அவற்றின் மேல் பெயரை ஏற்றும்போதுதான் வேலை சிக்கலாகிறது. உங்குவார் சர்கி என்ற பெயரில் ஒரே உள்ளாட்சிப் பகுதிக்குள்ளேயே பல ஊர்கள் இருக்கலாம். உங்குவா, அங்குவா, 'உங்.' என்று சுருக்கியது என ஒரே ஊர் பல எழுத்துக்கூட்டலில் வரும். பெயரை வைத்துக் கணினியில் பட்டியல்களை இணைத்தால் இரண்டு ஊர் ஒன்றாகும், ஒரு ஊர் மூன்றாகும். முதல் நாளே ஒவ்வொரு குடியிருப்புக்கும் மாறாத எண் கொடுத்துவிட்டு, பெயரைத் துணைத் தகவலாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பெயர் சேகரிக்கப் போகிறவர் ஓடிகே அல்லது கோபோ என்ற கைபேசித் தரவுச் செயலியின் படிவத்தில் இடத்தைப் பதிவார். திறந்த வெளியில் துல்லியம் 5 முதல் 10 மீட்டருக்குள் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் அழுத்தினால் முந்தைய ஊரின் புள்ளியே பதிவாகிவிடுவதுண்டு. எக்செல்லுக்கு மாற்றும்போது தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் மட்டும் மிஞ்சினால், பிழை ஏறக்குறைய 100 மீட்டர் வரை போகும். ஊரைக் காட்ட அது போதும், வீட்டுக்குப் போதாது.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது நைஜீரியாவில் கூடுதல் ஆபத்து. தமிழ்நாட்டில் மாற்றிப் போட்டால் திருச்சி ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு பக்கம் போய் விழும், உடனே தெரிந்துவிடும். கானோ நகரம் 12.0 வடக்கு, 8.5 கிழக்கு. மாற்றினால் அதே நாட்டின் ஆடமாவா மாநிலத்தில் கான்யே அருகே விழும். யாருக்கும் சந்தேகமே வராது. பதிவு எந்த வார்டுக்கு உரியதோ அந்த எல்லைக்குள் புள்ளி விழுகிறதா என்ற சோதனையைக் கட்டாயமாக்கினால் இது அங்கேயே பிடிபடும்.

எண்ணிக்கை: இங்கேதான் சண்டை

பழைய வழி 2006 கணக்கை ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் ஏற்றிக்கொண்டே போவது. உள்ளாட்சிப் பகுதி அளவில் இது ஓரளவு ஒப்பும். குடியிருப்பு அளவில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் எல்லா ஊரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. நகரை ஒட்டிய ஊர்களில் அடைவு (கணக்கிலுள்ள குழந்தைகளில் தடுப்பூசி போட்டவர்களின் விகிதம்) 100 சதவீதத்தைத் தாண்டும், தொலைவான ஊர்களில் 40இல் நிற்கும். இரண்டுமே பொய்யாக இருக்கலாம்.

மாற்று வழியில், சில இடங்களில் மட்டும் வீடுவீடாக எண்ணி, கட்டட வகையோடு சேர்த்துக் கணித மாதிரி உருவாக்கி, நாடு முழுவதையும் 100 மீட்டர் கட்டங்களாக மதிப்பிடுகிறார்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்டுபாப் குழு நைஜீரியாவுக்குச் செய்தது இதுதான். அது ஒற்றை எண்ணோடு நிற்காமல் நிச்சயமின்மையின் வரம்பையும் தருகிறது. பல வார்டுகளை ஒன்றாகப் பார்க்கும்போது நம்பலாம். ஒற்றைக் குக்கிராமத்தில் நம்பக் கூடாது. தானியக் குதிரும் ஆட்டுக் கொட்டகையும் கூரையாகத் தெரியும். மர நிழலில் உள்ள ஓலைக் குடிசை தெரியாது. போர்னோவில் மக்கள் இடம்பெயர்ந்து போன ஊர்களின் சுவர்கள் அப்படியே நின்றன. கட்டடம் இருந்தது, ஆள் இல்லை. மாநிலத் தலைநகர் மைதுகுரியில் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலோ ஆள் இருந்தது, கட்டடம் இல்லை. படம் எடுத்த ஆண்டைப் பார்க்காமல் எந்த எண்ணையும் திட்டத்தில் எழுதக் கூடாது.

இந்த எண்ணிக்கை தடுப்பூசி முகாம் நாளை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம். 60 வீடு, வீட்டுக்கு 6 பேர் என்றால் 360 பேர். ஒரு வயதுக்கு உட்பட்டோர் 4 சதவீதம் என்ற வழக்கமான விகிதத்தில் ஆண்டுக்கு 14 குழந்தைகள். மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒரு குழந்தைக்காக 10 டோஸ் தட்டம்மைக் குப்பியைத் திறந்தால், கரைத்த 6 மணி நேரத்தில் மீதி 9 டோஸைக் கொட்ட வேண்டும். அதனால் பணியாளர் திறக்கத் தயங்குவார், தாய் திரும்பிப் போவார். திறந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), போலியோ குப்பிகளைக் குளிர்நிலையும் குப்பிமேல் உள்ள வெப்பக்காட்டியும் சரியாக இருந்தால் 28 நாள் வரை வைத்திருக்கலாம்; தட்டம்மைக்கும் காசநோய்க்கான பிசிஜிக்கும் அந்தச் சலுகை கிடையாது.

இந்த இடத்தில் கட்டட வரைபடம் தன் விலையைத் திருப்பித் தருகிறது. இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் இப்படிப்பட்ட நான்கு சிற்றூர்களைச் சேர்த்து நடுவில் ஒரு முகாம் வைத்தால் 1,440 பேர், ஆண்டுக்கு 58 குழந்தைகள், மாதம் ஐந்து. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வைத்தால் தட்டம்மைக் குப்பி முழுதாகப் பயன்படும். ஆனால் பென்டாவேலன்ட் 6, 10, 14 வாரங்களில் போட வேண்டியது, அது தள்ளிப்போகும். மாதம் ஒரு முறை வைத்துப் பாதிக் குப்பியை வீணாக்குவதே சரி என்பது எங்கள் கருத்து. தட்டம்மைக் குப்பியின் விலை பெரிதில்லை. தள்ளிப்போன தவணைக்குத் தாய் திரும்பி வருவது நிச்சயமில்லை.

நடுப்புள்ளியைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது. நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டர் இருக்கும் ஊர், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் அக்செஸ்மாட் மென்பொருள் சாலை, நிலப்பரப்பு, மேடுபள்ளம், ஆறு எல்லாவற்றையும் வைத்து நடைநேரத்தைக் கணக்கிடும். கைவரைபடம் வரைந்தவரைக் கேட்டாலும் இதே விடை வரும், பெரும்பாலும் சீக்கிரமாகவே.

ஜிபிஎஸ் தடம்: போனது தெரியும், போட்டது தெரியாது

சொட்டு மருந்துக் குழுவிடம் காலையில் ஓர் ஆண்ட்ராய்டு போன் கொடுத்து, மாலையில் வாங்கித் தடத்தை இறக்கிக் குடியிருப்பு எல்லையோடு ஒப்பிடுவது இந்த முறை. நகரில் சிறு கட்டங்களாகப் பிரித்து எத்தனை கட்டத்தைத் தொட்டார்கள் என்று பார்ப்பார்கள். விடுபட்ட ஊர்களின் பட்டியல் அன்று இரவே வந்துவிடும், மறுநாள் குழு போகலாம். இரவே என்பதுதான் இதன் முழுப் பலம். ஒரு வாரம் கழித்து வரும் தட அறிக்கையால் பயனில்லை.

தடம் பல விதத்தில் ஏமாற்றும். போனை மேற்பார்வையாளரின் வண்டியில் விட்டுவிட்டால் சாலையோர ஊரெல்லாம் பார்த்த கணக்காகும். வேகத்தை வைத்து வடிகட்ட வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் போன் சும்மா கிடந்தால் சமிக்ஞை சிதறி, வீடுவீடாக நடந்த மாதிரி புள்ளிகள் விழும். இது தலைகீழாகவும் நடக்கும். போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பு பின்னணிச் செயலியை நிறுத்திவிட, உழைத்த குழு ஊரைத் தவறவிட்டதாகப் பதிவாகும். அந்தச் செயலிக்கு விலக்கு கொடுத்து, கையில் ஒரு பவர் பேங்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தகராறு பாதி குறையும்.

குழு வாசல் வரை போனதைத் தடம் காட்டும். குழந்தையின் வாயில் சொட்டு விழுந்ததைக் காட்டாது. அதற்குச் சுண்டுவிரல் மைதான் சாட்சி. 6 குடியிருப்புகளில் தலா 10 குழந்தைகளின் விரலைப் பார்த்து, 60 பேரில் மையில்லாதவர் 3 பேருக்கு மேல் போகாமல் இருந்தால் 90 சதவீத அளவில் தேர்ச்சி என்பது போலியோ முகாம்களின் மாதிரிச் சோதனை. தடம் நன்றாக இருந்து விரல் சோதனையில் தோற்ற பகுதிதான் உடனே கவனிக்க வேண்டியது. அங்கே மறுப்போ வீட்டில் ஆளில்லாததோ பொய்ப் பதிவோ இருக்கும்.

வழக்கமான தடுப்பூசிக்குத் தடம் அதிகம் உதவாது. அங்கே தாய்தான் முகாமுக்கு வருகிறாள், குழு வீட்டுக்குப் போவதில்லை. முகாம் சொன்ன நாளில் சொன்ன இடத்தில் நடந்ததா என்பதற்கு ஒரே ஒரு ஜிபிஎஸ் புள்ளியும் நேரமும் போதும்.

பணம் குறைவாக இருந்தால்

முதலில் குடியிருப்புப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், செயலி வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். இலவசக் கட்டடத் தரவை ஏ3 தாளில் அச்சிட்டு, தலைவர்களைச் சுற்றி உட்கார வைத்துப் பெயரெழுதச் சொன்னால் முதல் இரண்டு வழிகளின் நல்லதும் ஒரே மேசைக்கு வந்துவிடும். செயற்கைக்கோள் படத்தை மேலிருந்து படித்துப் பழகாதவர்களுக்குச் சுகாதார நிலையம், மசூதி, பள்ளி, பெரிய சாலை ஆகியவற்றைத் தடித்த குறியாக முன்கூட்டியே போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் பாதி நேரம் வடக்கு எது என்பதிலேயே போய்விடும். 1,000 பேருக்குக் குறைவான ஊர்களைக் கணித மாதிரியின் மதிப்பீட்டுக்கு விடாமல் நடந்தே எண்ணுங்கள். தடப்பதிவு கடைசி, அதுவும் வீடுவீடாகச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்கு மட்டும்.

ஆயுத மோதல் உள்ள பகுதிகளில் இந்தத் தரவை யாரிடம் கொடுப்பது என்பதையும் அச்சிடும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மக்கள் தங்கியுள்ள ஒதுக்குப்புற முகாம்களின் துல்லியமான ஆயங்களும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும்), ஒரு தடுப்பூசிகூடப் போடாத குழந்தையின் வீட்டுப் புள்ளியும் பொது இணையப் பலகையில் வரக் கூடாது. மாநில அளவுக்கு வார்டுக் கூட்டுத்தொகை போதும். வீட்டுப் புள்ளி அந்த வார்டுப் பணியாளரின் தாளைத் தாண்ட வேண்டியதில்லை.