பார்டர்லைன் உள்ளவருக்கு எந்த மூலிகை? அசுவகந்தா முதல் மீன் எண்ணெய் வரை

மன அழுத்தத்தைத் தாங்க எந்த மூலிகை நல்லது என்று தேடினால் வரும் பட்டியல்கள் பெரும்பாலும் அலுவலக டென்ஷன்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அதை அப்படியே எடுத்து, பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, அதாவது பிபிடி உள்ள ஒருவர் கையில் கொடுக்க முடியாது. உணர்ச்சிகள் சட்டென்று கட்டுமீறி ஏறி இறங்கும் மனநோய் இது. இவர்களுக்கு அழுத்தம் மாதக்கணக்கில் மெல்ல ஏறும் பாரம் மட்டுமல்ல. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராத பத்து நிமிடத்தில் உச்சந்தலைக்கு ஏறிவிடும். மூலிகைகளோ ஆறு வாரம், எட்டு வாரம் கேட்பவை.

அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு. பிபிடி உள்ளவர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு மோதுமா? ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை விழுங்கும் பழக்கம் உள்ளவர் வீட்டில் அந்தப் பாட்டிலை வைக்கலாமா? மூன்றாவது கேள்வியை யாரும் எழுதுவதில்லை. இந்த நோயில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அலோபதியிலேயே பிபிடிக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-லேயே, இந்தக் கோளாறுக்கென்று மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம்பிக்கையோடு எழுதப்பட்டுவந்த லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தை 276 பேரிடம் ஓராண்டு சோதித்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. மருந்துகளே இந்த லட்சணத்தில் இருக்கும்போது மூலிகை கம்பெனிகளின் வாக்குறுதியை எவ்வளவு நம்புவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அசுவகந்தா. நம் ஊர் அமுக்கராக் கிழங்குதான். பொது மன அழுத்தத்துக்கு இருப்பதில் ஓரளவு கனமான ஆதாரம் இதற்கு உண்டு. ஹைதராபாத்தில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில் 64 பேர். வேர்ச்சாறு 300 மி.கி. இருவேளை, 60 நாள். அழுத்த மதிப்பெண் குறைந்தது, அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் சுமார் 28 சதவீதம் இறங்கியது. ஆனால் அவர்கள் நீண்டநாள் மன அழுத்தத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள், பிபிடிக்காக அல்ல. அங்கே கொடுத்தது செறிவூட்டிய சாறு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அமுக்கரா சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்திருக்கும். அந்த ஆய்வைக் காட்டி இந்தச் சூரணத்தை விற்பது சரியில்லை.

பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். வேர் மட்டும் போட்டதும் உண்டு, வேரும் இலையும் கலந்ததும் உண்டு. இலை வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-ல் தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. அடுத்து கல்லீரல்: ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்த ஐந்து பேரைப் பற்றி 2020 வாக்கில் மருத்துவர்கள் எழுதினார்கள். டென்மார்க் 2023-ல் இதற்குத் தடையே போட்டது. தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும் குணமும் இதற்கு உண்டு. தைராய்டு அதிகமானால் படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. பிபிடி உள்ளவரிடம் அதை நோயின் கோபம் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், இதைச் சாப்பிட்ட சிலர் மனசு மரத்துப்போனது போல இருப்பதாகச் சொல்வதுண்டு. உள்ளே வெறுமை என்பது ஏற்கெனவே இந்த நோயின் அடையாளம். அதன் மேல் இதுவுமா?

மனச்சோர்வுக்கு மேலைநாடுகளில் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை நான் ஒரே அடியாக ஒதுக்கிவிடுவேன். வேலை செய்யாது என்பதால் அல்ல. நன்றாகவே வேலை செய்யும். 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரன் என்ற ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2008-ஆம் ஆண்டு தொகுப்பில் மனச்சோர்வுக்கு வெற்று மாத்திரையைவிட மேலாகவும், வழக்கமான மாத்திரைகளுக்கு ஏறத்தாழ இணையாகவும் நின்றது. சிக்கல் அது கல்லீரலில் செய்யும் வேலை. மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், எச்ஐவி மருந்து எல்லாம் பலம் குறைந்துபோகும். இதய மாற்று அறுவை முடிந்த இருவருக்கு, இதைச் சாப்பிட்டதால், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு விழுந்து, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதை 2000-ல் பதிவுசெய்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையோடு சேர்ந்தால் மூளை வேதிப்பொருளான செரடோனின் எக்குத்தப்பாக ஏறும் ஆபத்து. பிபிடி உள்ளவர்களில் பலர் எஸ்எஸ்ஆர்ஐ சாப்பிடுபவர்கள். எனவே இது வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்துவதும் தப்பு: அந்த நொதி அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் மற்ற மருந்துகளின் அளவு உடம்பில் ஏறலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

வல்லாரையில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒன்று. 2000-ல் வெளியான சிறிய ஆய்வில், ஆரோக்கியமான 40 பேரில் ஒரு பாதிக்கு ஒரே தடவையாக 12 கிராம் கொடுத்தார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் திடீர் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்தது. நிமிடக் கணக்கில் பேசும் மூலிகை என்று இந்த வரிசையில் இது ஒன்றுதான். ஆனால் 12 கிராம் பொடி என்பது சாதாரணமில்லை. பிபிடி உள்ளவர்களிடம் யாரும் அதைத் தொடர்ந்து பார்க்கவில்லை. துவையலாகச் சாப்பிடுவது வேறு விஷயம், தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையாக விழுங்கி கல்லீரல் பாதித்த பதிவுகள் இதற்கும் உண்டு.

பிபிடி உள்ளவர்களிடமே சோதித்த மூலிகை மருந்து என்று நான் சொல்லக்கூடியது ஜப்பானில் இருக்கிறது. யோகுகான்சான் என்ற ஏழு மூலிகைக் கஷாயக்கலவை. ஷிமானே பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-ல், 20 பெண்களுக்கு 12 வாரம் கொடுத்து, பலருக்கும் நல்ல மாற்றம் தெரிந்ததாக எழுதினார்கள். ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு இல்லை, எல்லோருக்கும் என்ன கொடுக்கிறோம் என்று தெரியும். அந்த மருத்துவர்களின் அக்கறையான கவனிப்பே பாதி வேலையைச் செய்திருக்கலாம். கலவையில் அதிமதுரம் வேறு இருக்கிறது; நாள்பட்டால் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

ரோடியோலா என்ற மலை மூலிகை, லடாக்கில் சோலோ என்பார்கள், பிரதமர் 2019 உரையில் சொன்ன பிறகு இங்கேயும் பிரபலம்; சுறுசுறுப்பூட்டும் சரக்கு என்பதால் ஏற்கெனவே தூக்கம் வராதவருக்குப் பொருந்தாது. பதற்றத்துக்கு விற்கும் காவா என்ற வேரைத் தொடவே வேண்டாம், கல்லீரலைப் பாதிக்கும்.

மூலிகை அல்லாத ஒன்றுதான் எல்லாவற்றையும் முந்துகிறது: மீன் எண்ணெய். 2003-ல் பிபிடி உள்ள 30 பெண்களிடம், யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் இருபுறமும் மறைத்த முறையில், 8 வாரம், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பான ஈபிஏ தினம் 1 கிராம். ஆக்ரோஷமும் மனச்சோர்வும் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சரியான ஆட்களிடம் சரியான முறையில் செய்தது. வாங்கும்போது மட்டும் ஏமாறாதீர்கள்: முன்பக்கம் பெரிதாக 1000 மி.கி. என்றிருக்கும், பின்பக்கம் ஈபிஏ 180 என்றிருக்கும். அப்படியானால் 1 கிராம் ஈபிஏவுக்கு ஐந்தாறு கேப்ஸ்யூல் ஆகிவிடும். சைவர்கள் ஆளிவிதையை நம்பினால் உடம்பு அதிலிருந்து ஈபிஏ ஆக்குவது கொஞ்சமே.

எதுவானாலும் அந்தப் பத்து நிமிடப் புயலுக்கு இவை உதவாது. அதற்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய, உணர்ச்சியைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி பயிற்சிதான். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைப்பது போன்ற உத்திகளை அதில் கற்றுக்கொடுக்கிறார்கள். கைமீறிப் போகிறது என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவிலும் எடுப்பார்கள். மேலே சொன்னதில் எதையாவது தொடங்குவதாக இருந்தால் மனநல மருத்துவரிடம் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். வாங்கினாலும் சின்ன பாட்டிலாக வாங்கி, வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.