பாரிஸ்: எந்தக் கிழமை இறங்கினால் எது மலிவு?

பாரிஸில் காசு மிச்சம் பிடிக்க வழி கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மெட்ரோவுக்கு வாரப் பாஸ் எடு என்பார் ஒருவர், அது தண்டம் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும். முதலாமவர் திங்கட்கிழமை போய் இறங்கியிருப்பார், மற்றவர் வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் பாதிச் செலவைக் காலண்டர்தான் முடிவு செய்கிறது. அதனால் விமான டிக்கெட் போடும் முன்பே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுவது நல்லது.

முதலில் போக்குவரத்து. 2025 கட்டணத்தையே வைத்துக்கொள்வோம். 2026இல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு மாறவில்லை. மெட்ரோ, ரயிலுக்கு ஒரு பயணம் 2.50 யூரோ. பஸ், டிராமுக்கு 2 யூரோ. விமான நிலையத்துக்குத் தனி டிக்கெட், 13 யூரோ. நவிகோ வாரப் பாஸ் 31.60, அதை ஏற்றும் அட்டைக்கு 5 யூரோ. இந்தப் பாஸில் விமான நிலைய ரயிலும் அடக்கம்.

திங்கள் காலை வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவருக்குத் தனி டிக்கெட் என்றால் விமான நிலையத்துக்கு மட்டுமே போகவர 26 யூரோ. நடுவில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று முறை மெட்ரோ ஏறினால் 37.50. ஆக 63.50. பாஸ் எடுத்தால் அட்டையோடு சேர்த்து 36.60தான். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

வெள்ளி வந்து செவ்வாய் கிளம்புகிறவருக்கு இதே பாஸ் உதவாது. வாரம் என்றால் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை, திங்கள் முதல் ஞாயிறு வரைதான். அந்த வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் தருவார்கள். வெள்ளிக்கிழமை கேட்டால் அடுத்த வாரத்துக்கானதுதான் கிடைக்கும். அவருக்குத் தனி டிக்கெட்டும் நடையும்தான் சரி. 12 யூரோவுக்கு நாள் பாஸ் ஒன்றும் உண்டு. ஒரே நாளில் ஐந்து முறை ஏறினால்தான் அதில் லாபம், விமான நிலையத்துக்கும் அது செல்லாது.

வாரப் பாஸ் எடுப்பவர்கள் ஊரிலிருந்தே ஒரு போட்டோ கொண்டுபோக வேண்டும். அட்டையில் ஒட்டும் இடம் 25க்கு 30 மில்லிமீட்டர். நம் பாஸ்போர்ட் படம் அதைவிடப் பெரிது, முகம் மட்டும் வரும்படி ஓரத்தைக் கத்தரித்துத்தான் ஒட்ட வேண்டும். போட்டோவும் பெயரும் இல்லாத அட்டையோடு பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம், மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். ஒரே அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும் முடியாது.

அடுத்து அருங்காட்சியகங்கள். இங்கேதான் பெரிய காசு கரைகிறது. 2026 ஜனவரி முதல் லூவருக்கு ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. சென்னையிலிருந்து போனாலும் லண்டனிலிருந்து போனாலும் அதே 32தான். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பல அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வரும் மியூசியம் பாஸ். 48, 96, 144 மணி நேரம் என்று மூன்று வகை. மணி ஓடிக்கொண்டே இருப்பதால் கொடுத்த காசுக்குப் பார்த்தாக வேண்டுமே என்று ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவீர்கள். போதாததற்கு, பாஸ் இருந்தாலும் லூவருக்கு நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும். நாளுக்கு மூன்று இடம் சளைக்காமல் பார்ப்பவருக்கு அது சரி. எனக்கு இரண்டாவது இடத்திலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, இலவச நாட்கள். லூவர் மாதத்தின் முதல் வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் இலவசம், ஜூலை ஆகஸ்ட் தவிர. ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். இரண்டுக்கும் இணையத்தில் முன்பதிவு வேண்டும். இங்கே ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. மாதத்தின் ஒன்றாம் தேதி திங்கள் முதல் வெள்ளிக்குள் வந்தால், முதல் வெள்ளியும் முதல் ஞாயிறும் ஒரே வாரத்தில் அமையும். சனியிலோ ஞாயிறிலோ மாதம் பிறந்தால் இரண்டும் பிரிந்துவிடும். அப்படி இரண்டும் கூடி வரும் வாரத்தில் திங்கட்கிழமை போய் இறங்கினால் வாரப் பாஸும் முழுதாகப் பயன்படும், இரண்டு பெரிய கூடங்களும் காசில்லாமல் முடியும். ஆனால் இலவச ஞாயிறில் ஓர்சேயில் கூட்டம் நெரியும். வான்கோ படத்துக்கு முன்னால் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். நானாக இருந்தால் வியாழன் மாலைக் குறைந்த கட்டணத்தில் போவேன், அன்று இரவு ஒன்பதே முக்கால் வரை திறந்திருக்கும்.

மூன்றாவதுதான் என் கட்சி: மாநகராட்சி நடத்தும் அருங்காட்சியகங்கள். நிரந்தரக் காட்சிக்கு என்றைக்குமே கட்டணம் இல்லை. பெத்தி பலே, ஊர் வரலாற்றைக் காட்டும் கார்னவாலே, நவீன ஓவியக் கூடம், விக்டர் ஹியூகோ வீடு எல்லாம் இந்தக் கணக்கு. கார்னவாலேயில் நுழைந்ததும் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகள் தலைக்கு மேலே தொங்கும். எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று உருவமாகவே வடித்துத் தொங்கவிட்டவை. பிரெஞ்சுப் புரட்சியில் விழுந்த பஸ்தீய் சிறையை இடித்த ஒப்பந்தக்காரர் அதன் கல்லிலேயே அந்தச் சிறையைச் சின்னதாகச் செதுக்க வைத்து நாடு முழுக்க அனுப்பினார். அவற்றில் ஒன்று இங்கே இருக்கிறது. லூவரில் மோனாலிசா முன் நெரிபடுவதைவிட இதைத்தான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. சரி, லூவரைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் வீட்டில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றால் அந்த முதல் வெள்ளிதான்.

விடுமுறைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓர்சே, கார்னவாலே, பெத்தி பலே, வெர்சாய் மாளிகை எல்லாம் திங்கள் விடுமுறை. லூவர் செவ்வாய். வந்திறங்கிய திங்களை நோத்ர தாம் தேவாலயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தார்கள், உள்ளே போகக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஆற்றோரமாகவே கொன்கோர்த் சதுக்கம் வரை நடந்துவிடலாம்.

சாப்பாட்டில் மூன்று போட்டியாளர்கள். பேக்கரியில் சாண்ட்விச், பானம், இனிப்பு சேர்ந்த மதியத் தொகுப்பு விலையில் தோற்காது. சைவக்காரருக்கு மட்டும் சீஸைத் தவிர அதிகம் கிடைக்காது. பூயோன் என்ற பழைய பாணி மலிவு உணவகங்கள் இரண்டாவது. 1896இல் தொடங்கிய ஷார்த்தியே அவற்றில் பெயர்பெற்றது. பிரெஞ்சுச் சமையலை மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் அங்கே போகலாம், வரிசை மட்டும் நீளம். எந்த உணவகத்திலும் குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்காவிட்டால் பாட்டில்தான் வரும்.

மூன்றாவது லாச்சப்பல். கார் து நோர் நிலையத்தின் பின்பக்கம், ஈழத்தமிழர் கடைத்தெரு. விமான நிலைய ரயில் அந்த நிலையத்திலேயே நிற்பதால் பெட்டியோடு நேராகப் போய்விடலாம். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், நகைக்கடை, புடவைக்கடை, கண்ணாடிக்குப் பின்னால் ரோல்சும் வடையும். கொத்துரொட்டி ஒன்று வாங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மதியத்துக்குப் பேக்கரி, இரவுக்கு லாச்சப்பல், ஒருநாள் மட்டும் பூயோன் என்று பிரித்துக்கொள்வதே என் யோசனை. நகரின் நடுவில் சுற்றுலாப் பயணிகளுக்காகவே வைத்திருக்கும் உணவகங்களை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

தங்குவதற்கு மையமா புறநகரா என்பதை மெட்ரோ முடிவு செய்யட்டும். பாந்தான், மோந்த்ரேய் போன்ற எல்லை தாண்டிய ஊர்களுக்கும் மெட்ரோ போகிறது. பாந்தானிலிருந்து ஐந்தாம் எண் லைன் நேராகக் கார் து நோருக்கு வரும். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை கிடைத்தால் எடுக்கலாம். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும் என்றால் வேண்டாம்.

ஐஃபில் கோபுரத்துக்கு லிஃப்டில் உச்சி வரை போவதுதான் அதிக விலை. 674 படி ஏறினால் இரண்டாம் தளம் வரை அதில் பாதிக்கும் குறைவான காசில் முடியும். முட்டி ஒத்துழைக்காதவர்கள் பெல்வில் பூங்காவுக்குப் போய் மேட்டில் நின்றால் கோபுரத்தோடு சேர்த்து ஊரே தெரியும், காசு வாங்க ஆளில்லை. கலெரி லாஃபாயெத் கடையின் மொட்டைமாடியும் இலவசம், லிஃப்ட் உண்டு.