ஸ்டோயிக் வாசிப்பு: பேரரசரா, அடிமையா, செல்வந்தரா?

ஸ்டோயிக் தத்துவம், அதாவது நம் கையில் இல்லாததற்குக் கலங்காமல் வாழச் சொல்லும் பழைய கிரேக்க, ரோமத் தத்துவம், படிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸின் ‘தியானங்கள்’. நானும் அப்படித்தான். முதல் பகுதியில் தாத்தாவுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, ஆசிரியர்களுக்கு நன்றி என்று போய்க்கொண்டே இருந்தது. தத்துவம் எப்போது வரும் என்று காத்திருந்து, மூன்றாம் பகுதியோடு மூடி வைத்துவிட்டேன்.

குறை புத்தகத்தில் இல்லை. அது நமக்காக எழுதப்பட்டதே இல்லை. தனக்குத் தானே கிரேக்கத்தில் எழுதிக்கொண்ட குறிப்புகள், 12 பகுதிகள்; சிலவற்றை டான்யூப் ஆற்றுப் பக்கத்துப் போர் முகாம்களில் எழுதினார். இயற்கையோடு இசைந்து வாழ் என்கிறார்; எந்த இயற்கை, ஏன் இசைய வேண்டும் என்று விளக்குவதில்லை. அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! பாடம் முடித்தவர் பரீட்சைக்கு முன் புரட்டும் நோட்டு அது. விடியற்காலையில் எழுந்திருக்க மனமில்லாமல் தன்னோடு தானே வாதாடும் ஐந்தாம் பகுதியின் தொடக்கம் மட்டும் யாருக்கும் புரியும்.

அடுத்தது எபிக்டெடஸின் ‘கையேடு’. எபிக்டெடஸ் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, பிறகு ஆசிரியரானவர். மொத்தம் 53 சிறு பத்திகள்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். சில நம் கையில் இருக்கின்றன, சில இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் இதுவும் சாறு பிழிந்த சுருக்கம். மாணவர் அரியன் தொகுத்தது. மூன்றாவது பத்தியைப் பாருங்கள்: குழந்தையை முத்தமிடும்போது, சாகப்போகும் ஓர் உயிரை முத்தமிடுகிறாய் என்று சொல்லிக்கொள், அப்போது அது இறந்தாலும் கலங்க மாட்டாய். இதை மட்டும் படித்தால், இவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்றுதான் தோன்றும்.

அதே எபிக்டெடஸின் வகுப்புகளை அரியன் எழுதிவைத்த ‘உரைகள்’ நூலின் முதல் பகுதியில் ஓர் அதிகாரி வருகிறார். மகளுக்கு உடம்பு சரியில்லை. பார்க்கத் தாங்காமல் வீட்டை விட்டே ஓடிவிட்டாராம், குணமான செய்தி வரும்வரை திரும்பவில்லை. பாசத்தால்தான் அப்படிச் செய்தேன் என்கிறார். எபிக்டெடஸ் விடவில்லை. அம்மாவுக்கும் பாசம் உண்டே, அவளும் ஓடியிருக்க வேண்டுமா? தாதி? நேசிக்கிறவர்கள் எல்லோரும் ஓடிவிட்டால், குழந்தை யார் கையில் கிடக்கும்? ஓடியது பாசம் இல்லை என்று அந்த ஆளே ஒத்துக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார். இதைப் படித்துவிட்டுப் போனால் அந்த மூன்றாவது பத்தி வேறு மாதிரி கேட்கிறது. ஆக, இரண்டில் ‘உரைகள்’தான் முதலில். எஞ்சியிருப்பவை நான்கு பகுதிகள். திட்டு அதிகம், சொன்னதையே சொல்வார். முதல் பகுதி போதும்.

இருந்தாலும் தொடங்க வேண்டிய இடம் ரோமத் தத்துவஞானி செனெகா. கடைசிக் காலத்தில், பேரரசர் நீரோவின் அரசவையிலிருந்து ஒதுங்கியபின், நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய 124 கடிதங்கள். வீணாகும் நேரம், கூட்டத்தின் கெடுதல், முதுமை, தங்கியிருந்த வீட்டுக்குக் கீழே குளியல் கூடத்தின் இரைச்சல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்சினை. எதிரே ஒரு மாணவர் இருப்பதால் நமக்கும் வழி தெரிகிறது. ஆரம்பக் கடிதங்களை ஒரு மேற்கோளோடு முடிப்பார், அதுவும் பல நேரம் எதிர் முகாமைச் சேர்ந்த எபிக்யூரஸிடமிருந்து. பிறகும் மேற்கோள் வேண்டும் என்று லூசிலியஸ் கேட்க, 33ஆம் கடிதத்தில் மறுத்துவிடுகிறார்: துணுக்குகளை மனப்பாடம் செய்வது சிறுபிள்ளைகளுக்கு, நீ சொந்தக் காலில் நில். பொன்மொழித் தொகுப்பிலிருந்து தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

எளிமையைப் போதித்தவர் பெரும் செல்வந்தர், நீரோவின் ஆலோசகர். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனால் மருத்துவராக அல்ல, ஒரே மருத்துவமனையில் படுத்திருக்கும் சக நோயாளியாகப் பேசுகிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். புதிதாக வருகிறவருக்கு இந்தக் குரல் ஒத்துவரும்.

முதல் பத்துப் பதினைந்து கடிதங்கள், அப்புறம் ‘உரைகள்’ முதல் பகுதி, பிறகு ‘கையேடு’, கடைசியில் மார்கஸ். அவரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, இரண்டாம் பகுதியில் தொடங்குங்கள், நன்றிப் பட்டியலை அப்புறம் படிக்கலாம். நான் பொறுமையில்லாமல் தாண்டிய அந்தப் பட்டியலில்தான் ரஸ்டிகஸ் என்ற ஆசிரியருக்கான நன்றியும் இருக்கிறது: தன்னிடமிருந்த எபிக்டெடஸ் பிரதியைப் படிக்கக் கொடுத்ததற்காக.